முட்டை இல்லைன்னா புழு இல்லையா?

கோழிக் குடற்புழு பத்தி வாசிக்கிற குறிப்புகள் பலதிலும் ஒரே வரிசைதான்: இளைப்பு, வெளுத்த கொண்டை, கழிச்சல். அப்புறம் எச்சத்தை மைக்ரோஸ்கோப்பில் பாருங்க, புழு முட்டை இல்லைன்னா கவலை வேண்டாம். அந்தக் கடைசி வரியோடதான் எனக்குச் சண்டை.

பெரிய உருண்டைப்புழுவான அஸ்காரிடியா கல்லி, கோழிக்குள் போய் முட்டையிடத் தொடங்க 5 முதல் 8 வாரம் ஆகும். அதன் இளம்புழுக்கள் குடல் சுவரைப் புண்ணாக்குவது அதற்கு முன்பே. குஞ்சு மெலிகிற நேரத்தில் எச்சத்தில் ஒரு முட்டைகூட இருக்காது.

சரி, முட்டை தெரியுதுன்னே வைப்போம். எந்தப் புழுவோடது? குடலின் இரட்டைப் பைகளில் வாழும் ஹெட்டராகிஸின் முட்டையும் பார்வைக்கு ஏறக்குறைய அதே மாதிரிதான். ஹெட்டராகிஸால் பெரிய கெடுதல் இல்லை. ஆனால் அதன் முட்டைக்குள் ஒளிந்து வரும் ஹிஸ்டோமோனாஸ் வான்கோழிகளைக் கொத்துக்கொத்தாகக் கொல்லும்.

முட்டை எண்ணும் மெக்மாஸ்டர் முறை, 1939-இல் ஆஸ்திரேலியாவில் செம்மறி ஆடுகளுக்காக வந்தது. வழக்கமான கணக்கில் கண்ணில் படும் ஒரு முட்டை, கிராமுக்கு 50 முட்டைக்குச் சமம். அதற்குக் குறைவாக இருந்தால் பெரும்பாலும் பூஜ்யம்னே வரும்.

எச்சப் பரிசோதனையே வேண்டாம்னு சொல்லல. கொட்டகையின் பல இடத்திலிருந்து எச்சம் எடுத்து, சில வாரம் கழித்து மறுபடியும் பார்க்கணும். செத்த கோழியைப் புதைக்கும் முன் கால்நடை மருத்துவரிடம் கொடுத்து, குடலையும் அந்த இரட்டைப் பைகளையும் திறந்து பார்க்கச் சொல்லணும். புழு இருக்குன்னு சொல்ல ஒரு முட்டை போதும். இல்லைன்னு சொல்ல ஒரு தடவை பார்த்தது போதாது.