ஜேம்ஸ் மன்னரின் மொழிபெயர்ப்பாளரும் பதினைந்து விதிகளும்

1604ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் ஹாம்ப்டன் அரண்மனையில் கூடிய மாநாட்டில், தூய்மைவாதிகளின் சார்பில் பேசிய ஜான் ரெய்னால்ட்ஸ் திருமறைக்குப் புதியதோர் ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டுமென விண்ணப்பித்தார். 1611இல் அது அச்சேறியது. அதன் நடையழகைப் போற்றி எழுதப்பட்டவை மிகப் பல. அவற்றைத் திரும்பக் கூறுதல் நமது நோக்கமன்று. ஏறத்தாழ ஐம்பது அறிஞர் கூடிச் செய்த அப்பணியை ஆண்ட விதிகள் எவற்றைக் காத்தன, எவற்றைக் காக்கத் தவறின என்பதையே இங்கு ஆராய்கிறோம்.

வெஸ்ட்மின்ஸ்டர், ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் ஆகிய மூன்றிடங்களில் இவ்விரண்டாக ஆறு குழுக்கள் அமைந்தன. ரிச்சர்ட் பான்கிராஃப்ட் வாயிலாக அவர்களுக்குப் பதினைந்து விதிகள் அளிக்கப்பட்டன. அவற்றுள் நாம் மிகவும் மதிப்பது ஒன்று. குழுவினர் ஒவ்வொருவரும் ஒரே அதிகாரத்தைத் தனித்தனியே திருத்தி முடித்த பின்னரே ஒன்றுகூட வேண்டும் என்பது அவ்விதி. குழுக்களில் அமர்ந்து பழகியோர் இதன் அருமையை அறிவர். ஆயத்தமின்றி வருவோர் பலராயின், உரத்த குரலுடையவரின் கருத்தே குழுவின் கருத்தாகிவிடும். ஒருவர் வாசிக்க, ஏனையோர் பிறமொழித் திருமறைகளைக் கையிலேந்திக் கேட்டிருப்பர். குறை கண்டாலன்றி வாய் திறவார் என்று ஜான் செல்டன் கூறியுள்ளார். முடிந்த நூல் ஏனைய குழுக்களின் பார்வைக்கும் செல்லவேண்டும். கடினமான பகுதிகளில் வெளியாரான அறிஞரையும் கடிதமூலம் வினவலாம்.

ஆயின் எல்லா விதிகளும் உண்மையை நாடியே எழுந்தவை அல்ல. பழைய திருச்சபைச் சொற்களை மாற்றலாகாது என்ற மூன்றாம் விதி, டின்டேல் ‘கூடிவந்த மக்கள்’ என்ற பொருள்படப் பெயர்த்த கிரேக்கச் சொல்லை ‘சர்ச்’ என்றே நிறுத்தியது. இது பேராயர் ஆட்சியைக் காக்க எழுந்த விதியேயன்றி மொழியியல் முடிவன்று. (தமிழில் ‘சபை’ என்னும் சொல் இரு பொருளையும் தாங்குவதால் இவ்வழக்கு நம்மிடையே எழவில்லை.) ஜெனீவாத் திருமறையின் ஓரக் குறிப்புகள் அரசனுக்குக் கீழ்ப்படியாமையை நியாயப்படுத்தின என மன்னர் சினந்ததையும் ஆறாம் விதியின் பின்னணியில் காண்கிறோம்.

இதனினும் நம்மை வியப்பிலாழ்த்துவது வேறொன்று. பெயர்களை வழக்கிலுள்ளவாறே வைக்கவேண்டும் என இரண்டாம் விதி கூறியது. எனினும் பழைய ஏற்பாட்டில் ‘ஐசாயா’ ஆனவர் புதிய ஏற்பாட்டில் ‘எசாயஸ்’ ஆகிறார். ‘எலைஜா’ ‘இலையஸ்’ ஆகிறார். எபிரெயர் 4:8இல் யோசுவாவின் பெயர் ‘ஜீசஸ்’ என்றே நிற்கிறது. ஓரத்தில் விளக்கம் தந்தனர். ஆயினும் ஆலயத்தில் வாசிக்கப்படுவது ஓரம் அன்றே! லண்டனில் இறுதியாகக் கூடியோர் சொல் நுட்பங்களில் எத்துணை ஆழ்ந்தனர் என்பதை, ரோமர் முதல் வெளிப்படுத்தின விசேஷம் வரையுள்ள ஜான் போய்ஸின் குறிப்புகள் காட்டுகின்றன. சொல்லைச் சீர்தூக்கியவர்கள், முழுநூலும் தன்னோடு தான் இசைகிறதா எனப் பார்க்கும் பொறுப்பை எவரிடமும் ஒப்புவிக்கவில்லை போலும். விதி இருந்தது, அதற்குக் காவலர் இல்லை.

1870இல் தொடங்கிய திருத்தக் குழு இக்குறையை நன்குணர்ந்தது. இறுதி வாசிப்பில் மூன்றில் இருபங்கினர் இசைந்தாலன்றி எம்மாற்றமும் நிலைக்காது என விதித்தது. ஒரே கிரேக்கச் சொல்லுக்கு இயன்றவரை ஒரே ஆங்கிலச் சொல்லை நாடியது. விளைவு: துல்லியம் கூடிற்று, ஓசை குன்றிற்று. முன்னோர் ரோமர் 5ஆம் அதிகாரத்தில் ஒரு வினைச்சொல்லை மூன்று விதமாகப் பெயர்த்தது பிழையெனின், இவர்கள் ஒருமைப்பாட்டுக்கு ஈந்த விலை அதனினும் மிகுதியே என்பது நம் கருத்து.

நமது திருமறைக்கும் இவ்வரலாறு அந்நியமன்று. யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் பாதிரியார் ஆறுமுக நாவலரின் துணையோடு செய்து 1850இல் வெளிவந்த மொழிபெயர்ப்பு, புலமை மிக்கதாயிருந்தும் சென்னையில் ஏற்கப்படவில்லை. பின்னர், பல மிஷன்களின் பிரதிநிதிகள் கூடிய குழுவில் ஹென்றி பவர் தலைமையேற்க, முத்தையா பிள்ளை துணைநிற்க, 1871இல் முழுத் திருமறையும் வெளியாயிற்று. அதில் எபிரெயர் 4:8இல் நாம் வாசிப்பது யோசுவா என்றே.