சூலையும் துணிவும்

ஒருவர் ஒரு சமயத்தைத் தழுவுவது தம் விருப்பினாலோ சூழ்நிலையின் உந்துதலாலோ என்னும் வினா தமிழிலக்கியத்திற்குப் புதியதன்று. பெரியபுராணத்துள் திருநாவுக்கரசர் வரலாறு இவ்வினாவை உள்ளடக்கியே நடக்கின்றது. சூலைநோயே அவரைச் சைவராக்கிற்று என்பது பலரும் எளிதிற் கூறும் முடிபு. அம்முடிபு சேக்கிழாரின் காப்பிய அமைப்போடு ஒக்குமா என்பது ஈண்டு ஆராயத்தக்கது.

மருணீக்கியார் இளமையிற் கண்டவை இறப்புகளே. தந்தை புகழனாரும் தாய் மாதினியாரும் அடுத்தடுத்து மறைந்தனர். தமக்கையார்க்கு மணம் பேசப்பெற்றிருந்த கலிப்பகையார் போரில் மாண்டார். உலகின் நிலையாமையை உணர்தற்கு இச்சூழல் போதும். எனினும், துயரமே அவரைச் சமணத்திற் செலுத்தியதாகச் சேக்கிழார் கூறினாரல்லர். நன்னெறி யாதெனச் சமயங்களை ஆராயப் புக்கவர், இறைவன் அருளாமையின் சமணத்தைச் சார்ந்தார் என்பதே அவர் கூற்று. நிலையாமையுணர்வும் ஆராய்ச்சியும் அருளின்மையும் ஒருங்கே நிற்றல் காண்க. ஒன்றனை மட்டும் காரணமாகக் கொள்ளுதல் ஆசிரியர் கருத்துக்கு மாறாம்.

சைவத்திற்கு மீளுங்கால் காரணங்கள் மேலும் பெருகுகின்றன. தமக்கையாரின் வேண்டுகோள், முற்பிறவித் தவம், கனவில் இறைவன் அருளிய வாக்கு, சூலை ஆகிய இவற்றிடையே தருமசேனரின் உரிமைக்கு இடம் யாண்டுளது? விடை திலகவதியாரின் மறுப்பில் உள்ளது. பீலியும் மந்திரநீரும் பயன்படாமற் சமணர் கைவிட்டபின், அவர் தமக்கையாரிடம் ஆள் விடுக்கின்றார். உயிரினும் மேலாகத் தம்பியைப் போற்றிய அம்மையார், சமணர் உறையுமிடத்திற்கு வாரேன் என்கின்றார். அவர் ஆண்டுச் சென்று நீறளித்து நோய் தீர்த்திருப்பின், தம்பியின் மாற்றம் மருந்துண்டார் ஒருவரின் நன்றியளவில் நின்றிருக்கும். மறுப்போ அவரைத் தாமே முடிவு செய்யுமாறு நிறுத்துகின்றது. பாயுடை களைந்து, குண்டிகையும் பீலியும் ஒழித்து, வெண்துகில் உடுத்து, சமணர் காணாவாறு இரவில் அவர் அதிகைக்குப் புறப்படுகின்றார். கைகொடுப்பாரை ஊன்றியே நடந்தார் என்பதனையும் சேக்கிழார் மறவாது குறிக்கின்றார். ஊன்றிய கை பிறருடையது. நடந்த துணிவு அவருடையது. நோய் நீங்கியது அதன் பின்னரே.

பல்லவர் காலத்துக் கோயில் சார்ந்த பத்தி எழுச்சியே இம்மாற்றத்திற்கு வழிவகுத்தது எனச் சமூக வரலாற்று நோக்கினர் உரைக்கலாம். அது முற்றும் புறக்கணிக்கத்தக்கதன்று. 12ஆம் நூற்றாண்டுச் சைவராகிய சேக்கிழாரின் கூற்று, 7ஆம் நூற்றாண்டு நிகழ்ச்சிகட்கு நேர்ச்சான்றாகாது என்பதும் உண்மையே. ஆயின், காப்பியத்துள் அரசன் சமணன். நீற்றறையும் நஞ்சும் யானையும் கல்லொடு பிணித்துக் கடலில் இடுதலும் சூழ்நிலையின் குரலாகவே வருகின்றன. சூழ்நிலைக்கு இசைந்தே சமயம் மாறுபவராயின், சூலை நீங்கிய பின்னர், அரசனது ஒறுப்புக்கு அஞ்சி மீண்டும் மாறியிருத்தல் வேண்டும், அவர் மாறினாரல்லர்.

ஆகவே, சூழ்நிலை ஒருவரை வாயில்வரை கொணரும். புகுதலும் புக்கபின் நிலைத்தலும் அவர்தம் துணிவின்பாற்பட்டன என்பதே சேக்கிழார் உள்ளக்கிடையாம். அருளை முதற்காரணமாகக் கொண்ட புலவர், மனிதத் துணிவிற்கும் இத்துணை இடம் வைத்தமை அவர் காப்பியத்திறனுக்குச் சான்றாகும்.