முப்பது நாள் கணக்கு போதுமா?

வயிற்றுப் பெருந்தமனி வீங்கி வெடித்தவர்களுக்குச் செய்யும் இரண்டு அவசர சிகிச்சைகளை ஒப்பிட்ட இம்ப்ரூவ் ஆய்வை வாசித்தேன். 613 பேர், 2014இல் வெளியானது. 30 நாளுக்குள் இறந்தவர்கள்: தொடை வழியே ஸ்டென்ட் வைக்க ஒதுக்கப்பட்டவர்களில் 35.4%, வயிற்றைத் திறக்க ஒதுக்கப்பட்டவர்களில் 37.4%. "ரெண்டும் ஒண்ணுதானே" என்று மூடிவைத்துவிடலாம். எனக்கு அங்கேதான் இடிக்கிறது. டிஸ்சார்ஜ் ஆனவர்களில் நேரே வீட்டுக்குப் போனவர்கள் 94%, 77%!

சிறுநீரகம் செயலிழப்பது, பெருங்குடலுக்கு ரத்தம் போகாமல் அது அழுகுவது எல்லாம் ஆபரேஷனுக்கு அப்புறம் வருகிற சிக்கல்கள். ஸ்டென்ட் வைத்தாலும் கசிந்த ரத்தம் உள்ளேதான் கிடக்கும். வயிற்றுக்குள் அழுத்தம் ஏறினால் கடைசியில் வயிற்றைத் திறக்கவும் வேண்டியிருக்கும். இருக்கிறாரா, இல்லையா என்ற ஒற்றைக் கணக்கு இதையெல்லாம் மறைத்துவிடுகிறது. புரோகிராம் கிராஷ் ஆகவில்லை என்பதற்காக அது சரியாக ஓடுகிறது என்று நாங்கள் எழுதிக்கொடுப்பதில்லையே.