வீடு போல இல்லாத உணவகம்

தமிழில் ஓர் உணவகத்தைப் பாராட்ட நாம் வைத்திருக்கும் உச்சபட்சச் சொல், "வீட்டுச் சாப்பாடு மாதிரியே இருக்கு" என்பது. யூடியூபில் ஊர் ஊராகப் போய்ச் சாப்பிடுகிற தம்பிகள் முதல் பத்திரிகைகளில் உணவுப் பத்தி எழுதுகிற பெரியவர்கள் வரை எல்லோரும் இந்தச் சொல்லில்தான் வந்து நிற்கிறார்கள். ஊருக்கு ஊர் கிளை திறந்த நிறுவனமும் விளம்பரத்தில் அம்மாவின் கைப்பக்குவம் என்றுதான் பேசுகிறது. எந்தச் சங்கிலி உணவகத்தில் சாப்பிடலாம் என்று கேட்டால், எது வீட்டுக்கு மிக அருகில் இருக்கிறதோ அதில் என்பதே நம் உணவு விமர்சனத்தின் விடை.

இந்த அளவுகோல், வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டவர்களுடையது. நின்று சமைத்தவளைக் கேட்டால் விடை வேறாக இருக்கும். ஒரு பெண்ணுக்கு உணவகம் தரும் முதல் நன்மையே அது வீடாக இல்லை என்பதுதான். வேறு யாரோ சமைக்கிறார்கள். தட்டு சூடாக முன்னால் வருகிறது. உப்பு குறைந்தால் குற்றம் அவளுடையதில்லை. காசைக் கொடுத்துவிட்டு, பாத்திரம் கழுவாமல் எழுந்து போகலாம். இந்த விடுதலையை எந்த உணவகம் எவ்வளவு தருகிறது, அதையும் யாருடைய உழைப்பில் தருகிறது என்று பார்ப்பதே நமக்கான விமர்சனம்.

'வீட்டுச் சுவை'க்கு நம் இலக்கியத்தில் நீண்ட வேர் உண்டு. குறுந்தொகையின் 167ஆம் பாடலை ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் நடத்துகிறேன். கூடலூர் கிழார் பாடியது. புதிதாக மணமான பெண் கட்டித்தயிரை விரலால் பிசைகிறாள். அந்த விரலை உடுத்த ஆடையிலேயே துடைத்துக்கொள்கிறாள். தாளிப்பின் புகை கண்ணில் ஏறுகிறது. கணவன் உண்டு, நன்றாக இருக்கிறது என்கிறான். அவள் முகம் நுட்பமாக மலர்கிறது. இதைப் பார்த்துவந்த செவிலி, நற்றாயிடம் நிறைவோடு சொல்கிறாள். அழகான கவிதை, அதில் எனக்கு ஐயமில்லை. ஒருமுறை பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி கேட்டாள்: "அவ சாப்ட்டாளா மேடம்?" உரைகாரர் எவருக்கும் தோன்றாத கேள்வி. பாடல் அவள் முகத்தோடு முடிந்துவிடுகிறது. அவளுடைய பசி அதன் எல்லைக்குள் இல்லை.

வீடு என்பது அடுப்படி மட்டுமில்லை, சாதியும்தான். யார் சமைத்ததை யார் உண்ணலாம் என்ற சட்டம் மிகக் கறாராக அமலில் இருப்பது வீட்டுச் சமையலறையில்தான். பழைய ஓட்டல்களும் அதையே வாசலில் மாட்டிவைத்தன. பெயர்ப்பலகையிலிருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எதிர்த்து, 1957இல் திருவல்லிக்கேணி முரளி கபேயின் முன் பெரியாரின் இயக்கத்தினர் மறியல் செய்தார்கள். ஒரு பலகைக்கு இவ்வளவு போராட்டமா என்று கேட்டவர்கள் உண்டு. பொது இடத்தில் வீட்டின் விதி செல்லுமா என்பதே அங்கே வழக்கு. 'பிராமணாள்' போய்விட்டது, 'உயர்தர சைவ உணவகம்' இருக்கிறது. உயர்தரம் என்ற சொல் மரக்கறியோடு மட்டும் அவ்வளவு இயல்பாக ஒட்டிக்கொள்வதைக் கவனியுங்கள். வீட்டுச் சுவை என்று சொல்லும்போது, எந்த வீடு என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.

பலகைகளைப் பார்த்தால் இன்னொன்றும் புலப்படும். 1957இல் திண்டுக்கல்லில் தொடங்கிய தலப்பாக்கட்டி, அதை நிறுவியவரின் தலைப்பாகையால் பெயர் பெற்றது. 1964இல் தொடங்கிய அஞ்சப்பரும் நிறுவனரின் பெயர்தான். வடக்கம்பட்டி முனியாண்டி, ஊருக்கு ஊர் விலாஸ் ஆனார். முருகன் இட்லி, சரவண பவன் என்று கடவுளானாலும் ஆண் கடவுளே முன்னால் நிற்கிறார். பெயர் ஆணுக்கு, சுவை மட்டும் அம்மாவுக்கு. உள்ளே போனால் கல்லாவில் ஆண், தோசைக்கல்லில் மாஸ்டர், சரக்கு மாஸ்டர், சப்ளையர் எல்லோரும் பெரும்பாலும் ஆண்கள். பெண்கள் பின்கட்டில் இருக்கிறார்கள்: வெங்காயம் உரிக்க, பாத்திரம் கழுவ, தரை துடைக்க. வீட்டில் இலவசமாகச் செய்யும் வேலை வெளியே சம்பளமும் மாஸ்டர் என்ற பட்டமும் பெற்றபோது அது ஆணின் தொழிலாகிவிட்டது. பட்டமில்லாத மிச்ச வேலை பெண்ணிடமே நின்றுவிட்டது.

சாப்பிட வரும் பெண்ணையும் உணவகம் வீட்டோடு சேர்த்தே பார்க்கிறது. கருத்தரங்குகளுக்குத் தனியாகப் பேருந்தில் அலைந்த நாட்களில் ஒரு சிறுநகர ஓட்டலில் நுழைந்தேன். முன்கூடத்தில் மேசைகள் காலியாக இருந்தும், "ஃபேமிலி ரூமுக்குப் போய்டுங்க மேடம்" என்றார்கள். ஆண் தனியாக வந்தால் வாடிக்கையாளர். பெண் தனியாக வந்தால், வராத ஒரு குடும்பத்தின் பகுதி.

இங்கேதான் சங்கிலி உணவகங்களுக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். ஒரே மாதிரி இருக்கின்றன, ஆன்மா இல்லை என்று உணவு ரசிகர்கள் குறைசொல்வது எனக்கு நிறையாகப் படுகிறது. விலை சுவரில் எழுதியிருக்கிறது. கல்லாவில் டோக்கன் வாங்கினால் போதும். எந்த ஊர், யார் வீட்டுப் பெண் என்று யாரும் கேட்பதில்லை. வெளிச்சமான கூடம், பெரும்பாலும் பூட்டில்லாத கழிப்பறை. முதல்முறை நேர்முகத் தேர்வுக்கு வெளியூர் போகும் மாணவிக்கு, நெய்ப்பொங்கலின் பதத்தைவிட இவை முக்கியம். எந்தக் கிளையிலும் அதே விதி என்ற நம்பிக்கை, ஊர்களைத் தெரியாதவளுக்கு ஒரு வரைபடம் மாதிரி.

ஆனால் நிறுவனமே தன்னை ஒரு வீடாக நினைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று நம்மிடம் இருக்கிறது. 1981இல் சென்னை கே.கே. நகரில் தொடங்கிய சரவண பவன், உலகெங்கும் கிளை பரப்பியது. ஊழியர்களுக்குத் தங்குமிடம், மருத்துவம், பிள்ளைகளின் படிப்பு என்று செய்த உதவிகளால் அதன் உரிமையாளர் பி. ராஜகோபால் தந்தைக்கு நிகராகப் போற்றப்பட்டார். எல்லோருக்கும் அவர் 'அண்ணாச்சி'. அதே நிறுவனத்தில் வேலை பார்த்த ஒருவரின் மகள் ஜீவஜோதி. அவரை மூன்றாவது மனைவியாக்கிக்கொள்ள ராஜகோபால் விரும்பினார். ஜீவஜோதி மறுத்தார். 2001இல் அவருடைய கணவர் பிரின்ஸ் சாந்தகுமார் கடத்திக் கொல்லப்பட்டார். விசாரணை நீதிமன்றம் 2004இல் தந்த 10 ஆண்டுத் தண்டனையை உயர் நீதிமன்றம் 2009இல் ஆயுளாக்கியது. 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அந்த ஜூலையில் ராஜகோபால் இறந்தார்.

பணமும் செல்வாக்கும் கொண்ட ஒருவருக்கு எதிராக ஓர் இளம்பெண் இறுதிவரை நின்ற வழக்கு இது. இருந்தும் பல நினைவுக் குறிப்புகளில் அது, ஒரு சாதனையாளரின் சறுக்கல் என்ற ஒரு வரியாகச் சுருங்கியது. சாம்பாரைப் பற்றி அதைவிட அதிகம் எழுதினார்கள். அங்கே சாப்பிடலாமா என்று மாணவிகள் கேட்கிறார்கள். ஆயிரக்கணக்கான தொழிலாளர்களின் பிழைப்பு அது. இட்லியைத் தள்ளிவைப்பதால் நீதி கூடிவிடாது. தள்ளிவைக்க வேண்டியது, தொழிலாளியின் உரிமையைத் தந்தையின் கருணையாக்கிப் போற்றும் அந்தப் பேச்சை. தந்தை எனப்பட்டவருக்கு ஊழியரின் மகளும் தன் வீட்டுப் பொருளாகத் தெரியத் தொடங்கியபோது, 'நிறுவனமே குடும்பம்' என்பதன் முழுப் பொருளும் வெளிவந்தது.

தந்தை இல்லாத சங்கிலியும் உண்டு. காபி வாரியம் தன் கடைகளை மூடியபோது வேலை இழந்த தொழிலாளர்கள், ஏ.கே. கோபாலன் தலைமையில் கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்து 1957 முதல் தாங்களே நடத்தியது இந்தியன் காபி ஹவுஸ். முதலாளி இல்லை, அண்ணாச்சி இல்லை; ஒரு காபியை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரமும் உட்காரலாம். கேரளத்தில் அங்கே தனியாக உட்கார்ந்து வாசித்த மாலைகள் எனக்குப் பிரியமானவை. ஆனால் விசிறித் தலைப்பாகையோடு பரிமாறியவர்கள் பல பத்தாண்டுகளாக ஆண்களே. உழைப்பவருக்கே உரிமை என்ற கொள்கையிலும், உழைப்பவர் என்றதும் ஆணுருதான் மனத்தில் எழுந்திருக்கிறது.

பெண்களே நடத்தும் சங்கிலியாக நம்மிடம் இருப்பது அம்மா உணவகம். 2013இல் சென்னையில் தொடங்கியபோது இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய். மகளிர் சுய உதவிக் குழுவினர் சமைத்துப் பரிமாறினார்கள். இங்கே பெண்ணின் சமையல் கூலியுள்ள வேலையானது. மாஸ்டர் என்ற ஆணின் பதவி தேவைப்படவில்லை. சித்தாள் வேலைக்குப் போகும் பெண் விடியலில் அடுப்பு மூட்டாமல் உண்ண முடிந்தது. யார் சமைத்தது என்று எவரும் விசாரிக்கவுமில்லை. தமிழகத்தில் சாப்பிடத் தகுந்த சங்கிலி எது என்று கேட்டால், சுவையில் முதலிடம் தராவிட்டாலும், நான் முதலில் சொல்வது இதைத்தான்.

அதன் பெயரோடுதான் எனக்கு வழக்கு. தொடக்கத்தில் அந்தப் பெண்களுக்கு நாள் கூலி 300 ரூபாய். விடியும் முன்பே வந்து இட்லிக்கொப்பரையின் ஆவியில் நிற்பவர்கள் அவர்கள். கூலி உயர்வு கேட்டாலோ, நிரந்தரப் பணி கேட்டாலோ, 'அம்மா' என்ற சொல் குறுக்கே வருகிறது. அம்மா கூலி கேட்கமாட்டாள். அம்மாவுக்கு ஓய்வூதியம் கிடையாது. இதை ஊழியம் என்று சொல்லாமல் தாய்மை என்று சொன்னால் அரசுக்கும் செலவு குறைவு.

எனவே அடுத்தமுறை ஓர் உணவகத்துக்குப் போகும்போது நாக்கோடு கண்ணையும் கொண்டுபோங்கள். தனியாக வந்தவளை எங்கே உட்காரச் சொல்கிறார்கள்? கழிப்பறை திறந்திருக்கிறதா? அடுப்பில் பெண் நிற்கிறாளா, பின்கட்டில் மட்டுமா? மேசை துடைக்கும் அக்கா எப்போது சாப்பிடுகிறார், உட்கார்ந்தா நின்றா? 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, 10 பேரும் அதற்கு மேலும் வேலை பார்க்கும் இடத்தில் பாலியல் துன்புறுத்தலுக்கான உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். அந்த விவரம் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டப்பட வேண்டும். உணவுப் பாதுகாப்பு உரிமத்தைச் சட்டமிட்டு மாட்டியிருக்கும் சுவரில் அதையும் தேடுங்கள். இல்லையென்றால் மேலாளரைக் கேளுங்கள். தோசை ஆறிப்போகாது, கேட்டுவிட்டே சாப்பிடலாம்.