நற்செய்தியைத் திருத்திய நா

திறனாய்வு என்றவுடன் கவிதையும் புதினமும் நாடகமுமே நம் நினைவுக்கு வருகின்றன. மேடைப் பேச்சை எவரும் திறனாய்வுக்கு உரியதாகக் கொள்வதில்லை. கேட்டோம், கைதட்டினோம், கலைந்தோம் என்பதோடு அது முடிந்துவிடுவதாக எண்ணுகிறோம். ஆனால் கலைந்துபோன கூட்டம் தன் வீட்டிற்கு எதைச் சுமந்து சென்றது என்னும் வினா எஞ்சியே நிற்கிறது. யாக்கோபு தம் திருமுகத்தின் 3ஆம் அதிகாரத்தில் நாவை நெருப்புக்கு ஒப்பிடுவதை நாம் மறையுரைகளில் அடிக்கடி எடுத்தாளுகிறோம். அந்த நெருப்பு எவ்வாறு மூட்டப்படுகிறது, எந்தச் சொல் அதற்குச் சுள்ளியாகிறது என்று நின்று நோக்குவது அரிது. இம்முறை அதற்கென ஓர் அரசியல் உரையை எடுத்துக்கொள்வோம்.

உரையும் சூழலும்

1992 நவம்பர் 22 அன்று, ருவாண்டா நாட்டின் கபாயா என்னும் ஊரில், ஆளுங்கட்சிக் கூட்டமொன்றில் லெயோன் முகெசேரா பேசினார். அவர் கட்சியின் மாவட்டத் துணைத் தலைவர். கனடாவின் லாவால் பல்கலைக்கழகத்தில் பயின்றவர். தாமும் பல்கலைக்கழக ஆசிரியராய் இருந்தவர். ருவாண்டா மக்களுள் பெரும்பான்மையினர் ஹுட்டு; சிறுபான்மையினர் துட்சி. இரு சாராரும் பேசுவது ஒரே மொழி. பெரும்பாலோர் கிறிஸ்தவர், அவர்களுள்ளும் கத்தோலிக்கரே மிகுதி. 1990 அக்டோபரில், உகாண்டாவில் வாழ்ந்த துட்சி ஏதிலியரின் படை எல்லை கடந்து வந்ததால் நாட்டில் போர் மூண்டிருந்தது. பல கட்சி ஆட்சிமுறை வந்ததால் ஆளுங்கட்சியின் தனியாதிக்கமும் தளர்ந்திருந்தது.

மக்கள் அஞ்சுவதற்குக் காரணம் இருந்தது என்பதை நாம் மறுக்க வேண்டியதில்லை. வெறுப்புரை வெறும் பொய்யிலிருந்து பிறப்பதில்லை. உண்மையான அச்சம் ஒன்றை எடுத்து, அதற்குத் தவறான முகவரி எழுதிக் கொடுப்பதே அதன் தொழில். எல்லையில் நின்ற படையைப் பற்றிய அச்சம், அடுத்த வீட்டில் ஆடு வளர்ப்பவரைப் பற்றிய அச்சமாக எவ்வாறு மாற்றப்பட்டது என்பதே நாம் இவ்வுரையில் காண வேண்டியது.

ஆற்று வழி

உரையின் பெயர்பெற்ற பகுதி, சிரிப்பு வரும்படி சொல்லப்பட்ட ஒரு கதை. ஒருவரிடம் தாம் கூறியதாக முகெசேரா சொல்கிறார்: உங்கள் தாயகம் எத்தியோப்பியா, விரைவாகப் போய்ச் சேரும்படி நியாபரோங்கோ ஆற்றின் வழியே உங்களை அனுப்பிவைப்போம். இதுவே அதன் சாரம். கொலை என்ற சொல் இதில் இல்லை. ஆனால் அந்த ஆறு படகு செல்லக்கூடிய ஆறன்று. முன்னர் நடந்த படுகொலைகளில் உடல்கள் ஆற்றில் எறியப்பட்டதை அங்கிருந்தோர் அறிவர். ஆகவே கேட்டவர்கள் சொல்லப்படாததைத் தாங்களே நிரப்பிக்கொண்டனர். கேட்பவனையே உடன் ஆசிரியனாக்கும் உத்தி இது. கவிதையில் இதனைக் குறிப்புப்பொருள் எனப் போற்றுகிறோம். இங்கே அதுவே பேசியவருக்குத் தப்பும் வழியாயிற்று.

எத்தியோப்பியா என்ற சொல்லுக்கும் ஒரு வரலாறு உண்டு. துட்சிகள் வடக்கிலிருந்து வந்த அயலார், நோவாவின் மகன் காமின் வழிவந்தோர் என்னும் கருத்தை 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியப் பயணிகள் பரப்பினர். ஜான் ஹன்னிங் ஸ்பீக் 1863இல் வெளியிட்ட நூல் இதில் முதன்மையானது. குடியேற்ற ஆட்சியாளரும் மறைபரப்பாளர் பலரும் அதனை ஏற்றனர். பெல்ஜிய ஆட்சி 1930களில் இனப்பெயரை அடையாள அட்டையிலேயே பொறித்தது. அன்று புகழ்மொழியாகச் சொல்லப்பட்ட அயல்நாட்டுப் பிறப்பு, இன்னொரு தலைமுறையில் நாடுகடத்தும் ஆணையாயிற்று.

மாற்றப்பட்ட மறைநூல்

குருக்களாகிய நம்மை மிகவும் உலுக்க வேண்டிய பகுதி வேறொன்று. ஒரு கன்னத்தில் அறைந்தால் மறு கன்னத்தையும் காட்டுமாறு நற்செய்தி சொல்வதை முகெசேரா நினைவூட்டுகிறார். உடனே, தம் இயக்கத்தில் அந்த நற்செய்தி மாறிவிட்டது என்று அறிவிக்கிறார். அறைபவனை எழ முடியாதபடி திருப்பி அடிக்க வேண்டும் என்பது புதிய பாடம்.

இதன் அமைப்பை நோக்குக. மத்தேயு 5ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் முன்னோர்க்குச் சொல்லப்பட்டதை எடுத்துரைத்து, பின் தம் சொல்லை வைக்கிறார். பேச்சாளரும் அதே வடிவத்தைக் கையாள்கிறார். முன்னோரின் இடத்தில் இயேசு. இயேசுவின் இடத்தில் கட்சி. மறைநூலைத் தாக்கியிருந்தால் கூட்டம் முகம் சுளித்திருக்கும். அதன் குரலிலேயே பேசியதால் கைதட்ட முடிந்தது. இதற்கு முன்பே, 1990 டிசம்பரில், ‘கங்குரா’ இதழ் ஹுட்டு மக்களுக்கெனப் பத்துக் கட்டளைகளை வெளியிட்டிருந்தது. துட்சிகளிடம் இரக்கம் காட்டலாகாது என்பது அவற்றுள் ஒன்று. பழகிய வடிவம் நம் விழிப்பைத் தளர்த்திவிடுகிறது. மறைக்கல்வியில் மனப்பாடம் செய்த காது, எண்ணிக்கை பத்தாக இருந்தாலே பணிவதற்குப் பழகியிருக்கிறது.

உரையில் சட்டமும் அழைக்கப்படுகிறது. எதிர்ப்படைக்குப் பிள்ளைகளை அனுப்பியோரைச் சட்டம் தண்டிக்கட்டும் என்று தொடங்கி, நீதிமன்றம் செய்யாவிடில் நாமே செய்வோம் என்று முடிகிறது. சட்டத்தின் பெயரைச் சொல்லியே சட்டத்தின் கதவை அடைக்கும் முறை இது.

ஒரே உரை, இரு வாசிப்பு

உரை ஒலிநாடாவில் பதிவாகிப் பரவியது. கைது ஆணை பிறந்ததும் முகெசேரா தப்பி, 1993இல் கனடா சென்றார். அவரை வெளியேற்றும் வழக்கில் நீதிமன்றங்கள் இவ்வுரையை வரிவரியாகப் படித்தன. 2003இல் மேல்முறையீட்டு மன்றம், தேர்தலும் துணிவும் அன்புமே அதன் பொருள்கள் எனக் கண்டது. 2005இல் கனடா உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. அது சொற்களை அகராதியில் மட்டும் தேடவில்லை. எந்த நாளில், எந்தக் கூட்டத்தின் முன், எந்த நினைவுகளை உடையோரிடம் இது சொல்லப்பட்டது என்று கேட்டு, கொலைக்கும் இனப்படுகொலைக்கும் தூண்டிய உரை எனக் கண்டது. முதல் வாசிப்பு சொன்னதைப் படித்தது. இரண்டாவது கேட்கப்பட்டதைப் படித்தது. நல்ல திறனாய்வு எது என்பதற்கு இதனினும் தெளிவான பாடம் வேண்டுமா?

எனினும் நீதி மெல்லவே நடந்தது. 2012இல் முகெசேரா நாடு கடத்தப்பட்டார். 2016இல் ருவாண்டா நீதிமன்றம் அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. இடையில் 1994 ஏப்ரல் முதல் சுமார் நூறு நாள்களில், ஐ.நா. மதிப்பீட்டின்படி 8 இலட்சம் பேர் கொல்லப்பட்டிருந்தனர். நியாபரோங்கோவின் நீர் ககேரா ஆற்றில் சேர்ந்து விக்டோரியா ஏரிக்குச் செல்வது. அவ்வழியே ஆயிரக்கணக்கான உடல்கள் மிதந்து வந்தன. உகாண்டாவின் கரையில் மக்கள் அவற்றை எடுத்துப் புதைத்தனர்.

வானொலியும் வாசற்படியும்

கபாயாவில் ஒரு நாள் ஒலித்த மொழியை 1993 ஜூலையில் தொடங்கிய மில் கோலின் வானொலி அன்றாடப் பேச்சாக்கியது. இனிய இசை, நகைச்சுவை, நேயர் உரையாடல் ஆகியவற்றுக்கிடையே ‘இன்யென்சி’, அதாவது கரப்பான்பூச்சி, என்ற பெயர் புழங்கியது. கொல்வதற்கு ‘வேலை’ என்று பெயர். ஊர்மக்கள் கூடிப் பாதை செப்பனிடும் பொதுப்பணிக்குப் பழகியவர்களிடம், வேலைக்கு வாருங்கள் என்றால் போதுமானதாயிற்று.

ஆயினும் வானொலியே கொன்றது என்று சொல்லிவிட்டு நாம் ஓய்வு கொள்ள முடியாது. ஒலியலை எட்டிய ஊர்களையும் எட்டாத ஊர்களையும் ஒப்பிட்ட டேவிட் யானாகிசாவா-த்ரோட்டின் 2014ஆம் ஆண்டு ஆய்வு, வன்முறையில் சுமார் 10 விழுக்காட்டையே ஒலிபரப்போடு தொடர்புபடுத்தியது. கொலைகளில் பங்கேற்றோரை நேர்கண்ட ஸ்காட் ஸ்ட்ராஸ், பெரும்பாலோரை இழுத்தது அண்டையார் நேரில் வந்து விடுத்த அழைப்பும் அச்சுறுத்தலுமே எனக் கண்டார். சொற்களை வழங்கியது மேடை; அவற்றை வாசற்படிக்குக் கொண்டுவந்தவன் தெரிந்த மனிதன்.

எதிர்ச்சொல்

அவ்வாறாயின் மருந்தும் வாசற்படிவரை செல்ல வேண்டும். வானொலியை இடைமறிக்கும் யோசனையை 1994 மே மாதத்தில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை ஏற்கவில்லை. அதற்கான விமானம் பறக்க மணிக்கு 8,500 டாலர் செலவாகும் என்பது கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று. அன்று அது செய்யப்பட்டிருக்க வேண்டும் என்றே நாம் கருதுகிறோம். ஆனால் தடையும் தண்டனையும் மட்டுமே போதா.

1992 டிசம்பரிலேயே, கபாயா உரை நிகழ்ந்த சில நாள்களில், பேராசிரியர் ழான் ரூமியா முகெசேராவுக்கு வெளிப்படையாக ஒரு மடல் எழுதி அவ்வுரையைக் கண்டித்தார். அவர் அயலார் அல்லர்; அதே கட்சியில் இருந்தவர். எதிர்க்கட்சியின் கண்டனத்தைக் கூட்டம் எளிதில் தள்ளிவிடும். தன்னவரின் கண்டனத்தை அவ்வாறு தள்ள இயலாது. அத்தகைய மடல்கள் நூறு வந்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்று எண்ணாதிருக்க முடியவில்லை. மறைமேடைகளிலிருந்து அவை போதிய அளவில் வரவில்லை. தலைநகர்ப் பேராயரே ஆளுங்கட்சியின் நடுவண் குழுவில் பல ஆண்டுகள் இடம்பெற்றிருந்தவர்.

2004 முதல் ‘புதிய விடியல்’ எனப் பொருள்படும் முசெகெவேயா என்னும் வானொலி நாடகம் ருவாண்டாவில் ஒலிபரப்பாயிற்று. இரு சிற்றூர்களின் பகையையும் மக்கள் அதனை எதிர்த்து எழுவதையும் அது கதையாக்கியது. எலிசபெத் லெவி பலக் 2009இல் வெளியிட்ட ஆய்வு வியப்பளிப்பது. கேட்டோரின் உள்நம்பிக்கைகள் அதிகம் மாறவில்லை. ஆனால் தம் ஊரில் எது தகும், எது தகாது என்பது பற்றிய அவர்கள் எண்ணம் மாறியது. மாற்றுக் கருத்தை வெளிப்படையாகச் சொல்லும் துணிவு வளர்ந்தது. உள்ளம் முழுதும் மனந்திரும்பும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ‘இது நம்மிடையே சொல்லத்தகாத சொல்’ என்று ஒருவர் வாய்திறந்தால், அருகிலிருப்பவரும் வாய்திறக்கிறார்.

இறுதியாக நியாங்கே என்னும் ஊரை நினைப்போம். 1994 ஏப்ரலில் அங்கே கோவிலில் தஞ்சம் புகுந்த குறைந்தது 1,500 பேர் மீது, கோவிலே இயந்திரத்தால் இடித்துத் தள்ளப்பட்டது. அப்பங்கின் பொறுப்பிலிருந்த குருவுக்கு அனைத்துலகத் தீர்ப்பாயம் 2008இல் ஆயுள் தண்டனை விதித்தது. அதே ஊரின் பள்ளியில் 1997 மார்ச் 18 இரவு ஆயுதமேந்தியோர் புகுந்து, ஹுட்டு ஒருபுறமும் துட்சி மறுபுறமுமாகப் பிரிந்து நிற்குமாறு மாணவருக்குக் கட்டளையிட்டனர். தாங்கள் அனைவரும் ருவாண்டர் என்று மாணவர் விடையளித்தனர், பிரிய மறுத்தனர், சிலர் உயிரிழந்தனர். திருநிலைப்படுத்தப்பட்டவர் தவறவிட்ட மொழியை அம்மாணவர் பேசினர்.

நம்மில் எவருக்கும் அத்தகைய இரவு வரவேண்டா என மன்றாடுவோம். ஆயினும் அதற்கான பயிற்சி, எவரும் துப்பாக்கி ஏந்தாத பகலிலேயே தொடங்க வேண்டும். ஒரு மக்கட்குழுவைப் பூச்சியாக்கும் பெயர் காதில் விழும்போது அவர்களின் உரிய பெயரைச் சொல்லுவோம். ஆற்று வழி போன்ற நகைச்சுவைக்கு அவை சிரிக்கும்போது, ‘இதற்கு என்ன பொருள்?’ என்று அமைதியாகக் கேட்போம். விளக்கம் சொல்ல நேர்ந்தவர் அடுத்த முறை அதே நகைச்சுவையைச் சொல்லத் தயங்குவார்.