பகல் வேலைதான் பரீட்சை

புதுச்சேரி ஆட்சிப் பரப்பில் பிறந்த ஒருவர் ஹாலிவுட்டில் சூப்பர் ஹீரோ படம் எடுத்திருக்கிறார். 1970 ஆகஸ்ட் 6 அன்று மாஹேயில் பிறந்து, கைக்குழந்தையாகவே பென்சில்வேனியாவுக்குப் போய்விட்ட மனோஜ் நைட் ஷியாமளன்தான் அவர். அப்பா மலையாளி, அம்மா தமிழ்ப் பெண், இருவரும் டாக்டர்கள். 2000-இல் வந்த அவருடைய ‘அன்பிரேக்கபிள்’ படத்தின் நாயகன் டேவிட் டன் பறக்க மாட்டான், மாடி விட்டு மாடி தாவ மாட்டான். பிலடெல்பியாவில் ஒரு விளையாட்டு மைதானத்தில் செக்யூரிட்டி வேலை பார்க்கிறான்.

இரட்டை அடையாளம் என்றதும் எல்லோரும் முகமூடியைப் பற்றித்தான் பேசுவார்கள். நடிப்பை அலசுகிறவர் பார்க்க வேண்டியது முகமூடி இல்லாத நேரத்தை. பறப்பதற்குக் கம்பி உண்டு, கிராஃபிக்ஸ் உண்டு, அடிவாங்க டூப் உண்டு. வாசலில் வரிசையாக வருகிறவர்களைத் தடவிச் சோதித்து உள்ளே விடுவதற்கு நடிகரின் தோளும் முதுகும் மட்டுமே துணை. சாகசக்காரனை யாரும் நடித்துவிடலாம். அவனுக்குப் பகலில் சோறு போடும் வேலையை நடிப்பதில்தான் ஆட்டம் தெரியும்.

புரூஸ் வில்லிஸ் அதுவரை வாயடியால் பெயர் வாங்கியவர். ‘டை ஹார்ட்’ படத்தில் துப்பாக்கிக்குச் சமமாக நக்கலும் வெடிக்கும். ‘அன்பிரேக்கபிள்’ படத்தில் டேவிடாக வரும்போது அவர் குரல் பக்கத்து அறைக்குக்கூடக் கேட்காது. ரயில் விபத்தில் எல்லோரும் செத்துப்போக, ஒரு கீறல்கூட இல்லாமல் தப்பியவன் டேவிட் ஒருவன்தான். அந்த ஆச்சரியம் அவன் முகத்தில் பெருமையாக வராமல் குற்ற உணர்வாக வருகிறது. வீட்டின் கீழ்த்தளத்தில் மகனோடு பளு தூக்கும் காட்சி இன்னும் நுட்பம். பையன் அப்பாவுக்குத் தெரியாமல் எடையைக் கூட்டுகிறான். தட்டுகள் தீர்ந்தபின் பெயிண்ட் டப்பாக்கள் கம்பியில் தொங்குகின்றன. தூக்கி முடித்த வில்லிஸ் மார்பை விரிக்கவில்லை. மகனைப் பார்க்கவே கொஞ்சம் பயப்படுகிறார்.

இந்தப் படத்தைப் பேச இன்னொரு காரணமும் உண்டு, அது விளையாட்டு. டேவிட் கல்லூரி நாளில் அமெரிக்கக் கால்பந்தில் நட்சத்திரம். கார் விபத்தில் அடிபட்டதால் ஆட்டத்தை விட்டான் என்பது ஊர் நம்பும் கதை. உண்மையில் அவனுக்கு அடியே படவில்லை. காதலித்த பெண்ணுக்கு அந்த முரட்டு ஆட்டம் பிடிக்காது. அவளுக்காகக் காயத்தை ஒரு சாக்காக எடுத்துக்கொண்டான். இத்தனைக்கும் அவள் பிசியோதெரபிஸ்ட். ஆக, இவன் போட்ட முதல் வேஷமே சாதாரண மனிதன் என்ற வேஷம்தான். ஆட வேண்டிய மைதானத்தின் வாசலில் காவல் நிற்கும் ஆள் என்று பாத்திரத்தை அமைத்ததில் ஷியாமளனின் குறும்பு இருக்கிறது.

எர்விங் கோஃப்மன் என்ற சமூகவியலாளர், மனிதர்கள் அன்றாடம் ஒருவர் முன் ஒருவர் எப்படி நடிக்கிறார்கள் என்பதைப் பற்றி 1956-இல் ஒரு புத்தகம் எழுதினார். எதிரே நின்றாலும் ஆளாகவே கணக்கில் எடுத்துக்கொள்ளப்படாதவர்கள் உண்டு என்கிறார் அதில். வேலைக்காரர்களை உதாரணம் காட்டுகிறார். புதுச்சேரி காந்தி வீதி ஏடிஎம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் வாட்ச்மேனின் முகத்தை, பணம் எடுத்துவிட்டு வருகிறவரிடம் கேட்டால் சொல்லத் தெரியாது. ‘அன்பிரேக்கபிள்’ அந்த இடத்தைச் சரியாகப் பிடித்தது. டேவிட் கடைசியில் ஒரு குடும்பத்தைக் காப்பாற்றப் போகும்போது போட்டுக்கொள்வது கம்பெனி கொடுத்த மழைக்கோட்டு. முதுகில் ‘செக்யூரிட்டி’ என்று எழுதியிருக்கிறது. அவனுக்குத் தனியாக ஒரு முகமூடி வாங்கித்தர வேண்டிய அவசியமே இல்லை.

இதே பரீட்சையில் நூற்றுக்கு நூறு வாங்கியவர் கிறிஸ்டோபர் ரீவ். 1978-இல் வந்த ‘சூப்பர்மேன்’ படத்தில் நாயகி லோயிஸின் வீட்டில் ஒரு சிறு காட்சி. அவள் உள்ளறையில் இருக்கிறாள். கூடத்தில் தனியாக நிற்கும் கிளார்க் கென்ட், அதாவது பகல் வேஷத்தில் இருக்கும் சூப்பர்மேன், கண்ணாடியைக் கழற்றுகிறான். கூன் நிமிர்கிறது, தோள் அகல்கிறது, குரல் இறங்கிக் கனக்கிறது. உண்மையைச் சொல்லிவிடப் போகிறான் என்று நினைக்கும்போது தைரியம் போய் மறுபடி சுருங்குகிறான். உடை மாறவில்லை, வெட்டு இல்லை, தந்திரக் காட்சி இல்லை. ஒரே சூட்டுக்குள் இரண்டு ஆட்கள். சூப்பர்மேனை 1938-இல் உலகுக்குக் கொடுத்த ஜெரி சீகலும் ஜோ ஷூஸ்டரும் யூதக் குடியேறிகளின் பிள்ளைகள். வேறெங்கோ பிறந்தவன், ஊரோடு ஒத்துப்போகத் தன் பலத்தை மறைத்துக்கொண்டு பணிந்து நடக்கிறான் என்ற கற்பனை குடியேறிகளின் வீட்டிலிருந்து வந்ததில் வியப்பில்லை.

நம் பக்கம் இந்தக் கதை இன்னும் பழசு. விராட பர்வம் கூத்தைப் பார்த்தவர்களுக்குச் சூப்பர் ஹீரோவின் பகல் வேலை என்ன என்று யாரும் பாடம் நடத்த வேண்டாம். பீமன் மடைப்பள்ளியில் கரண்டி பிடிக்கிறான், அர்ஜுனன் பேடியாகி அரசகுமாரிக்கு நடனம் சொல்லித்தருகிறான், தருமன் அரசனோடு சூதாடிப் பொழுதுபோக்குகிறான். ஓராண்டு அஞ்ஞாதவாசம், கண்டுபிடிக்கப்பட்டால் மறுபடி வனவாசம். மேடையில் இருக்கும் விராடனுக்குத் தெரியாதது தரையில் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்குத் தெரியும். தெருக்கூத்தில் வேஷக்காரர் திரைக்குப் பின்னால் நின்று தான் யார் என்று பாடிவிட்டுத்தான் முகம் காட்டுவார். வேஷம் என்பது மறைப்பதற்கல்ல, அறிவிப்பதற்கு. இந்தப் பழக்கத்தில் வளர்ந்த பார்வையாளர்களிடம் முகத்தை மூடிக்கொண்டு வந்து, யார் என்று கண்டுபிடி என்று கேட்டால் எடுபடாது.

1954-இல் வந்த ‘மலைக்கள்ளன்’ இதைப் புரிந்துகொண்ட படம். நாமக்கல் கவிஞர் ராமலிங்கம் பிள்ளையின் கதை, கருணாநிதி வசனம், கோவை பட்சிராஜா ஸ்டுடியோவின் ஸ்ரீராமுலு நாயுடு இயக்கம். மலையில் கொள்ளைக்காரன், ஊருக்குள் அப்துல் ரஹீம் என்ற செல்வந்த வியாபாரி, இரண்டுக்கும் அடியில் குமாரவீரன் என்று மூன்று அடுக்கு. எம்.ஜி.ஆர். ஒட்டுத்தாடியோடு வந்தாலும் கொட்டகையில் ஒருவரும் ஏமாறவில்லை; ஏமாற வேண்டும் என்று அவர் நினைக்கவும் இல்லை. ரஹீமாக வரும்போது பேச்சில் ஒரு குழைவு, கண்ணில் ஒரு சிரிப்பு, பார்வையாளரிடம் ‘நமக்குள் இருக்கட்டும்’ என்று சொல்கிற மாதிரி. அதே இயக்குநர் அடுத்த ஆண்டே இதை ‘ஆசாத்’ என்று இந்தியில் எடுக்க, சோகத்துக்குப் பேர்போன திலீப் குமார் துள்ளி விளையாடினார். நடிகராகப் பார்த்தால் திலீப்பின் கிழவர் வேஷம் ஒரு படி மேல். ஜனங்களோடு ரகசியம் பகிர்வதில் எம்.ஜி.ஆரை யாரும் நெருங்க முடியாது.

அந்த ரகசியப் பங்காளிகள் பின்னால் ஓட்டாகவும் மாறினார்கள். எம்.ஜி.ஆரின் அ.தி.மு.க. தமிழ்நாட்டில் ஆட்சிக்கு வந்தது 1977-இல். அதற்கு மூன்று ஆண்டு முன்பே, 1974 மார்ச்சில், புதுச்சேரியில் எஸ். ராமசாமி தலைமையில் அக்கட்சியின் முதல் அமைச்சரவை பதவியேற்றது. அந்த மாதமே கவிழ்ந்தும் போனது என்பது வேறு கதை.

1993-இல் ஷங்கரின் ‘ஜென்டில்மேன்’. பகலில் அப்பளக் கம்பெனி, இரவில் கொள்ளை, அந்தப் பணத்தில் ஏழைப் பிள்ளைகளுக்குக் கல்லூரி. கட்டாய நன்கொடையும் மருத்துவ சீட்டும் வீட்டுக்கு வீடு பேச்சாக இருந்த காலம் அது. அர்ஜுனின் சண்டை எல்லோருக்கும் நினைவிருக்கும். அப்பளம் விற்கும் கிச்சாவின் பவ்யம்தான் அந்தச் சண்டைக்கு மதிப்பைக் கூட்டியது. ‘அந்நியன்’ (2005) படத்தில் விக்ரமின் முடி பாதி வேலையைச் செய்துவிடுகிறது. பிரகாஷ்ராஜ் விசாரிக்கும் காட்சியில் நொடிக்கு நொடி ஆள் மாறுவதைக் கைதட்டிப் பார்த்தோம். ஆனால் யாராவது எச்சில் துப்பினால்கூட விதியைக் காட்டி நியாயம் கேட்டு, அவமானப்பட்டுத் திரும்பும் அம்பி என்ற பகல் ஆளின் நடையில்தான் அதிக உழைப்பு இருக்கிறது. மிஷ்கினின் ‘முகமூடி’ (2012) உடையிலும் சண்டையிலும் குறை வைக்கவில்லை. ஜீவா நடித்த இளைஞனுக்குக் குங்ஃபூ தெரியும், பகலில் போக ஒரு வேலை இல்லை. அஞ்ஞாதவாசம் இருக்க இடமில்லாதவன் எங்கே ஒளிவது? படம் தடுமாறியதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேட வேண்டாம்.

சரி, புதுச்சேரிக்காரர்களுக்கு இதில் என்ன புதுசு? இந்த ஊரில் ஒரே ஆளுக்கு இரண்டு காகிதம், இரண்டு பெயர், இரண்டு கணக்கு என்பது தலைமுறைகளாக நடக்கிற சங்கதி. 1873-இல் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற வழக்கறிஞர் ஐரோப்பியச் சப்பாத்து போட்டுக்கொண்டு நீதிமன்றத்துக்குள் போனார். நீதிபதி தண்டித்தார். அவர் பாரீஸ் வரை வழக்காடி ஜெயித்தார். 1881-இல் சொந்தச் சமயச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்கலாம், புதுக் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளலாம் என்று ஆணை வந்தபோது அவர் லப்போர்த் ஆனார். காலில் போட்டது மாறினால் சட்டத்தின் முன் ஆள் மாறுகிறானா என்ற கேள்வியை, சூப்பர்மேன் பிறப்பதற்கு அறுபத்தைந்து ஆண்டு முன்பே இந்த ஊர் கோர்ட்டில் கேட்டுவிட்டது. 1962 ஆகஸ்ட் 16-க்குப் பிறகு பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ள ஆறு மாத அவகாசம் கிடைத்தது. சொல்தா என்று அழைக்கப்படும் ஓய்வுபெற்ற பிரெஞ்சு ராணுவத்தார் நாளங்காடியில் மீன் விலையைப் பேரம் பேசுவதைக் கேட்டால், அவர்கள் எந்த அதிபர் தேர்தலில் ஓட்டுப் போடுகிறவர்கள் என்று தெரியாது.

இங்கே படமான விக்னேஷ் சிவனின் ‘நானும் ரௌடிதான்’ (2015) அதனால்தான் கச்சிதமாகப் பொருந்தியது. இன்ஸ்பெக்டர் அம்மா, மகனும் போலீசாக வேண்டும் என்று துடிக்கிறார். மகன் பாண்டிக்கோ ரௌடி என்று பெயர் எடுக்க ஆசை. சூப்பர் ஹீரோ தன் பலத்தை மறைப்பான்; பாண்டி தன்னிடம் பலம் இல்லை என்பதை மறைக்கிறான். வேலையில்லாத பையனுக்கு ஊர் கொடுக்காத மரியாதையை ரௌடி என்ற பெயர் கொடுக்கும் என்ற கணக்கு அது. ரௌடிச் செய்தி இல்லாமல் நாளிதழ் வராத ஊரில் இந்த ஆசை எங்கிருந்து வருகிறது என்று விளக்க வேண்டியதில்லை. விஜய் சேதுபதி இங்கே செய்தது நல்ல விளையாட்டு: ரௌடி நடையை முழுசாக நடக்கவே இல்லை. இரண்டடி விறைப்பு, மூன்றாவது அடியில் பையன் எட்டிப் பார்க்கிறான். நயன்தாராவின் காதம்பரி நிஜமாகவே ஒருவனைக் கொல்ல உதவி கேட்கும்போது சேதுபதியின் குரல் கம்முவதும் அதே அளவில்தான்.

யாருக்கு இரட்டை வாழ்க்கை கிடைக்கிறது என்பதையும் கேட்க வேண்டும். பேசில் ஜோசப்பின் ‘மின்னல் முரளி’ (2021) மலையாளப் படம். இந்தக் கேள்வியை இவ்வளவு நேராக வைத்த இந்தியப் படம் குறைவு. ஒரே இரவில், ஒரே கிராமத்தில் இருவர் மீது மின்னல் விழுகிறது. டொவினோ தாமஸின் ஜெய்சன் தையல்காரன். அவனுக்கு வீடும் உறவும் உண்டு. டீக்கடையில் வேலை செய்யும் ஷிபுவை ஊர் பைத்தியம் என்று ஒதுக்கி வைத்திருக்கிறது. இருவருக்கும் ஒரே சக்தி. ஒருவன் நாயகன் ஆகிறான், மற்றவன் வில்லன் ஆகிறான். ஷிபுவாக வந்த குரு சோமசுந்தரம் கூத்துப்பட்டறையில் பயின்ற தமிழ் நடிகர். ஷிபு காதலிக்கும் உஷா தன்னிடம் வருகிறாள் என்று தெரிந்ததும் அவர் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் தவிக்கும் நிமிடங்களுக்கு முன் படத்தின் மின்னலெல்லாம் மங்கல்தான். ஜெய்சனுக்கு மறைந்துகொள்ள ஒரு நல்ல பெயர் இருந்தது. ஷிபுவை ஊர் ஏற்கெனவே கணக்கில் சேர்க்கவில்லை. அவன் மறைக்க என்ன இருக்கிறது?

பெண்கள் விஷயத்தில் கணக்கு இன்னும் மோசம். விராட நகரில் ஐந்து ஆண்களுக்கும் பகல் வேலை ஒளிவிடமாக இருந்தது. பணிப்பெண் சைரந்திரியாக வேலைக்குச் சேர்ந்த திரௌபதிக்கு அதே வேலை ஆபத்தைக் கொண்டுவந்தது. அரசியின் தம்பி கீசகன் கண் வைத்தான். பாதி ஆளாகப் பார்க்கப்படும் வேலையில் ஒரு ஆண் மறைந்துவிடலாம், பெண் மறைய முடியாது. 2025-இல் வந்த ‘லோகா’ மலையாளப் படத்தில் கல்யாணி பிரியதர்ஷனின் சூப்பர் நாயகி சந்திரா பெங்களூரில் ஒரு கஃபேயில் வேலை பார்க்கிறாள். கல்யாணி அந்தப் பகுதியை அலட்டிக்கொள்ளாமல், தூக்கம் கெட்டவளின் அசதியோடு செய்திருக்கிறார். தமிழில் இப்படி ஒரு பெண் வேஷத்துக்கு ஆட்களும் இருக்கிறார்கள், வேலைகளும் நிறைய இருக்கின்றன: புதுச்சேரியின் திருபுவனை தொழிற்சாலைக்கு விடியற்காலை வேன் ஏறுகிறவர், புஸ்ஸி வீதி ஜவுளிக்கடையில் நாள் முழுக்க உட்காராமல் நிற்கிறவர். எழுத வேண்டியது திரைக்கதை.