விரலறியும் எழுத்தும் வெறுங் கண்ணாடியும்

பார்வையற்றோர் பயிலும் தமிழ்ப் புள்ளியெழுத்து அச்சு வடிவைப் பின்பற்றுவதன்று. ஒலி முறையைப் பின்பற்றுவது. அச்சில் 'கெ' எழுதுங்கால் கொம்பு முன்னிற்கும். புள்ளியிலோ ககரக் குறி முன்னும் எகரக் குறி பின்னும் நிற்கும். உயிர்மெய்யில் மெய்க்குப் பின்னரே உயிர் ஒலிக்கும் என்பது தொல்காப்பியர் கொள்கையன்றோ? விரலுக்கென அமைத்த எழுத்து இலக்கணத்தோடும் இயைந்தது.

தொலைபேசியின் 5ஆம் விசைமேலுள்ள சிறு புடைப்பும் விரலறிந்து அமைத்ததே. அஃதொன்றே ஏனைய எண்களின் இடத்தையும் உணர்த்தும். 1951இல் தோன்றிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அமைந்துள்ள பிரிக்பீல்ட்ஸ் நடைபாதைகளில் காலுணரும் வரிகள் உள. பெட்டாலிங் ஜெயாக் கடைகளில் பணஞ்செலுத்தும் பொறிகள் சிலவோ வெறுங் கண்ணாடி. குரல்வழித் துணையும் இல்லையெனில், பார்வையற்றவர் தம் அட்டையின் மறையெண்ணைப் பிறர்க்குச் சொல்ல நேரும். சொன்னபின் அது மறையெண்ணாகுமோ? கண்ணுக்கு அழகாயிருப்பது கொண்டு மட்டும் ஒரு பொறியைச் சிறந்ததெனல் பொருந்தாது.